பேட்டனின் பாலைவனப் பயிற்சித் தளம்: ஆப்பிரிக்கப் போர் முடிந்த பிறகும் அது ஏன் தொடர்ந்தது?

மயிலாப்பூர் வாசகர் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். இரண்டாம் உலகப் போரின் வட ஆப்பிரிக்கப் போர்முனையைப் பற்றிக் கொஞ்ச காலமாகப் படித்து வருகிறேன். 4ஆம் இந்திய டிவிஷனோடு மதராஸ் சாப்பர்ஸ் என்ற படைப் பொறியாளர் பிரிவினரும் அங்கே பணியாற்றினார்கள். அவர்களுள் ஒருவரும் செங்கல்பட்டு மாவட்டத்தில் பிறந்தவருமான சுபேதார் சுப்பிரமணியன், பின்னர் 1944 பிப்ரவரியில் இத்தாலியில் ஒரு கண்ணிவெடியின் மீது விழுந்து தோழர்களைக் காப்பாற்றி உயிர் துறந்தார். வீரச் செயலுக்கான ஜார்ஜ் கிராஸ் விருது அவருக்கு வழங்கப்பட்டது. என்னை அந்தப் போர்முனையின் பக்கம் இழுத்தது அவருடைய கதைதான்.

அந்த வாசிப்பினூடே அமெரிக்காவின் பாலைவனப் பயிற்சி மையத்தைப் பற்றிய குறிப்புகள் அடிக்கடி எதிர்ப்பட்டன. 1942 வசந்த காலத்தில், ஜெர்மானியத் தளபதி ரோமெலை எதிர்கொள்ளும் நோக்கத்தோடு, மேஜர் ஜெனரல் ஜார்ஜ் பேட்டன் கலிபோர்னியப் பாலைவனத்தில் இதைத் தொடங்கினார். (1965 போரில் பாகிஸ்தான் தரப்பில் வந்து கேம்கரண் பகுதியில் சிதைந்து கிடந்த பேட்டன் டாங்கிகள் இவர் பெயரைத் தாங்கியவைதாம்.) ஆனால் அமெரிக்கப் படைகள் வட ஆப்பிரிக்காவில் இறங்கியது 1942 நவம்பர் 8, துனிசியாவில் அச்சு நாடுகளின் படைகள் சரணடைந்து அந்தப் போர்முனையே முடிவுக்கு வந்தது 1943 மே 13. பயிற்சி மையமோ 1944 ஏப்ரல் இறுதிவரை இயங்கியிருக்கிறது.

என் கேள்விகள் இவை. அந்த இடத்தை ஏன் தேர்ந்தெடுத்தார்கள்? பாலைவனப் போரே முடிந்துவிட்ட பின் ஏறத்தாழ ஓராண்டு அதை நடத்தியது வீண் செலவில்லையா? இன்று அங்கே என்ன மிஞ்சியிருக்கிறது? விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

அண்ணாநகர் வரலாற்று மாணவர்

நல்ல கேள்வி, ஐயா. இடத் தேர்விலிருந்து தொடங்குகிறேன், ஏனெனில் மற்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை அதில் பாதி அடங்கியிருக்கிறது.

1942 தொடக்கத்தில் அமெரிக்கத் தரைப்படைக்குப் பாலைவனத்தில் போரிட்ட அனுபவம் அறவே இல்லை. படையின் பயிற்சிக்குப் பொறுப்பேற்றிருந்த லெஸ்லி மெக்நேர், முதலாம் கவசப் படையணியின் தளபதியாக இருந்த பேட்டனிடம் இந்தப் பணியை ஒப்படைத்தார். பேட்டன் தெற்குக் கலிபோர்னியாவிலேயே, சான் கேப்ரியலில் பிறந்து வளர்ந்தவர். மார்ச் மாதத்தில் விமானத்திலும் தரைவழியாகவும் அந்தப் பாலைவனத்தைச் சுற்றிப் பார்த்து, இண்டியோ நகரத்திற்குக் கிழக்கே சுமார் 50 கிலோமீட்டர் தொலைவில், அப்போது ஷேவர்ஸ் சம்மிட் என்று வழங்கிய மேட்டுப் பகுதியின் அருகே தலைமைப் பாசறையை அமைத்தார். அதற்கு கேம்ப் யங் என்று பெயர். ஏப்ரலில் பயிற்சி தொடங்கிவிட்டது.

அவர் கண்ட வசதிகளைப் பாருங்கள். மக்கள் மிகக் குறைவாக வாழும் நிலம், அதிலும் பெரும்பகுதி அரசுக்கே உரியது. மணல்வெளி, வறண்ட ஏரிப் படுகை, பாறைக் குன்று, ஆழ்ந்த பள்ளத்தாக்கு என்று நிலத்தின் எல்லா வகைகளும் ஒரே பரப்பில் கிடைத்தன. சதர்ன் பசிபிக், சாண்டா ஃபே, யூனியன் பசிபிக் ஆகிய மூன்று இரயில் பாதைகள் அதைத் தொட்டுச் சென்றதால், டாங்கிகளையும் தளவாடங்களையும் சரக்கு வண்டிகளில் நேராகக் கொண்டுவந்து இறக்க முடிந்தது. கிழக்கே கொலராடோ ஆறு ஓடியதால் ஆற்றைக் கடக்கும் பயிற்சிக்கும் வழியிருந்தது.

இவை எல்லாவற்றையும் விட முக்கியமானது தண்ணீர். கொலராடோ ஆற்றிலிருந்து லாஸ் ஏஞ்சலிஸ் வட்டாரத்திற்கு நீர் கொண்டுசெல்லும் 390 கிலோமீட்டர் நீளக் கால்வாய்த் திட்டம், இந்தத் தளம் தோன்றுவதற்கு முந்தைய ஆண்டான 1941இல்தான் நீர் வழங்கத் தொடங்கியிருந்தது. கால்வாயும் அதன் நீரேற்று நிலையங்களும் அந்தப் பாலைவனத்தின் குறுக்கே சென்றன. அயர்ன் மவுண்டன் பாசறை, அதே பெயருடைய நீரேற்று நிலையத்தின் அருகில் அமைந்தது தற்செயலன்று. புழல், செம்பரம்பாக்கம் ஏரிகளின் நீர்மட்டத்தை ஒவ்வொரு கோடையிலும் செய்தித்தாளில் தேடிப் பார்க்கும் சென்னைவாசிகளுக்கு இதை அதிகம் விளக்கத் தேவையில்லை. ஒரு பெருநகரத்தின் தாகத்திற்காக வெட்டிய கால்வாய் இல்லையென்றால், அந்தப் படைத்தளமே அங்கு சாத்தியப்பட்டிருக்காது.

காலப்போக்கில் தளம் கலிபோர்னியாவிலிருந்து அரிசோனாவுக்குள்ளும் விரிந்து, சுமார் 18,000 சதுர மைல், அதாவது ஏறத்தாழ 46,600 சதுர கிலோமீட்டர் பரப்பை எட்டியது. தமிழ்நாட்டின் மொத்தப் பரப்பில் இது மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். யங், காக்ஸ்கோம், அயர்ன் மவுண்டன், கிரானைட், ஐபிஸ், ஹைடர், ஹார்ன், லகுனா, பௌஸ் என்று பாசறைகள் சிதறிக் கிடந்தன. சில மரக் கட்டடங்களைத் தவிர்த்தால் அனைத்தும் கூடாரங்களே. வீரர்களுக்கு வசதி எதையும் செய்துதரக் கூடாது, போர்முனையில் எப்படி வாழ்வார்களோ அப்படியே இங்கும் வாழ வேண்டும் என்பது பேட்டனின் பிடிவாதம்.

வேளச்சேரி நூலகர்

வீண் செலவா என்ற கேள்விக்கு நான் விடை சொல்ல முயல்கிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். ஆப்பிரிக்காவுக்காகத் தொடங்கப்பட்ட இந்தத் தளம், ஆப்பிரிக்காவுக்கு நேரடியாகப் பயன்பட்டது மிகக் குறைவு. பேட்டனே ஏறக்குறைய நான்கு மாதங்கள் மட்டும் அங்கிருந்துவிட்டு, ஜூலை இறுதியில் ஆப்பிரிக்கத் தரையிறக்கத்தைத் திட்டமிடும் பணிக்காக அழைக்கப்பட்டுக் கிளம்பிவிட்டார். அவருக்குப் பின் ஆல்வன் கில்லெம், வால்டன் வாக்கர் என்று தளபதிகள் மாறிக்கொண்டே இருந்தார்கள். 1943 பிப்ரவரியில் துனிசியாவின் காசரீன் கணவாயில் ரோமெலிடம் கடுமையாக அடிவாங்கிய அமெரிக்க 1ஆம் கவச டிவிஷன், கலிபோர்னிய மணலில் தயாரானதன்று. 1942 கோடையில் அது வட அயர்லாந்தின் பசுமையான மேடுகளில் பயிற்சி பெற்றுக்கொண்டிருந்தது.

மறுபுறம், பாலைவனத்தில் பயிற்சி பெற்றவர்கள் எங்கே அனுப்பப்பட்டார்கள் என்று பார்த்தால் நெஞ்சு கனக்கிறது. 7ஆம் டிவிஷனின் வீரர்கள் கலிபோர்னியாவின் மொஹாவி பாலைவன வெயிலில் மாதக்கணக்கில் வெந்தவர்கள். அவர்களை 1943 மே மாதம் இறக்கிவிட்ட இடம் அலாஸ்காவுக்கு அப்பால், பனியும் சேறும் உறைகாற்றும் சூழ்ந்த அட்டு தீவு. ஜப்பானியரின் குண்டுகளுக்கு இணையாகக் குளிரும் அவர்களை வீழ்த்தியது. பொருந்தாத காலணிகளால் பாதங்கள் அழுகியவர்கள் ஏராளம். அந்த வீரர்களின் வீரத்தை நான் குறைத்து மதிப்பிடவே மாட்டேன். அவர்களை அங்கே அனுப்பிய திட்டமிடலைத்தான் குறை சொல்கிறேன்.

இப்படியெல்லாம் இருந்தும், வீண் என்ற முடிவுக்கு என்னால் வர முடியவில்லை. 1943இல் இந்தத் தளத்தின் இயல்பே மாறிவிட்டது. பாலைவனத்தில் எப்படிப் போரிடுவது என்று கற்றுத்தரும் இடமாக இருந்தது, ஒரு முழுப் போர்முனையை அப்படியே நடித்துப் பார்க்கும் இடமாக ஆயிற்று. பின்னணியில் கிடங்குகள், பழுதுபார்க்கும் பட்டறைகள், மருத்துவமனைகள், இரயில் முனையங்கள். முன்னணியில் எதிரெதிராக மோதிக்கொள்ளும் டிவிஷன்கள். இரண்டுக்கும் நடுவே நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நெடுகிலும் எரிபொருளும் குண்டும் உணவும் சுமந்து ஓடும் லாரிகள். பெயரையும் அதே ஆண்டு அக்டோபரில் கலிபோர்னியா-அரிசோனா போர்ப்பயிற்சிப் பகுதி என்று மாற்றிவிட்டார்கள். பாலைவனம் என்ற சொல் பெயரிலிருந்தே போய்விட்டது.

சிறு மைதானத்தில் நடக்கும் பயிற்சியில் எரிபொருள் தீர்ந்தால் யாராவது கொண்டுவந்து ஊற்றிவிடுவார்கள். இங்கே லாரி வழிதவறினால் ஒரு பட்டாலியனே வெயிலில் அசையாமல் நின்றது. எங்கே கிடங்கு வைப்பது, எத்தனை தொலைவுக்கு ஒன்றாகப் பழுதுபார்ப்பு அணிகளை நிறுத்துவது, இரவில் விளக்கில்லாமல் நூறு வாகனங்களை எப்படி வரிசை கலையாமல் நகர்த்துவது என்பவற்றை அதிகாரிகள் அங்கேதான் உடம்பில் ஏற்றிக்கொண்டார்கள். 1944 கோடையில் பிரான்ஸைக் குறுக்கே கடந்து பேட்டனின் மூன்றாம் படை ஓடிய ஓட்டத்தை நினைத்துப் பாருங்கள். அதில் இருந்த 4ஆம் கவச டிவிஷன் கேம்ப் ஐபிஸில் தயாரானது. 1944 டிசம்பர் 26 அன்று, முற்றுகையிடப்பட்டிருந்த பஸ்தோன் நகரை எட்டி வழி திறந்ததும் அதே டிவிஷன்தான். பனி மூடிய பெல்ஜியத்தில் அவர்களுக்குக் கைகொடுத்த பழக்கங்கள் மணலில் பிறந்தவை.

தளம் மூடப்பட்டதற்கும் இப்படி எரிபொருளும் உணவும் கொண்டுசேர்க்கும் வழங்கல் பிரிவுகளே காரணம். அவர்கள் இல்லாமல் தளத்தை நடத்த முடியாது. அதே ஆட்கள் வெளிநாட்டுப் போர்முனைகளுக்கும் தேவைப்பட்டார்கள். கடைசியில் போர்முனை வென்றது.

குரோம்பேட்டை மருத்துவர்

தண்ணீரைப் பற்றிப் பேச்சு வந்ததால், இந்தத் தளத்தின் வரலாற்றில் எனக்கு மிக முக்கியமாகப் படும் ஒரு பகுதியைச் சேர்க்கிறேன். படை வரலாறு எழுதுவோர் இதை ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள் என்பது என் வருத்தம்.

மனித உடலைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கினால் குறைந்த தண்ணீரிலேயே பாலைவனத்தில் வேலை செய்ய வைக்கலாம் என்ற நம்பிக்கை அன்று படை அதிகாரிகளிடம் ஆழமாக வேரூன்றியிருந்தது. பேட்டனும் அதை நம்பியவர்களுள் ஒருவர். ஆகவே வீரர்களுக்குத் தண்ணீர் அளந்துதான் கொடுக்கப்பட்டது. நாளொன்றுக்கு ஒரு கேலன், அதாவது நான்கு லிட்டருக்கும் குறைவு, என்பது பலரும் குறிப்பிடும் அளவு. நிழலிலேயே வெயில் 45 டிகிரி செல்சியஸைத் தாண்டும் நாட்கள் அங்கே சாதாரணம்; டாங்கியின் உள்ளே இன்னும் கடுமை, இரும்புப் பகுதிகளை வெறுங்கையால் தொட முடியாது. முக்காலியில் தொங்கவிடப்பட்ட பெரிய கித்தான் பைகளில்தான் குடிநீர் இருக்கும். ஒரு பை ஏறத்தாழ 36 கேலன் கொள்ளும். அடியில் சுற்றிலும் சிறு குழாய்கள். வரிசையில் வந்து ஒவ்வொருவரும் தம் குடுவையை நிரப்பிக்கொள்ள வேண்டும். உச்சி வேளையில் அந்தத் தண்ணீர் வெதுவெதுப்பாகவும், கிருமி நீக்கும் மருந்தின் வாடையோடும் இருக்கும்.

இதே காலத்தில், இதே கலிபோர்னியப் பாலைவனத்தில், ரோச்செஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த உடலியங்கியல் அறிஞர் எட்வர்ட் அடால்ஃபின் குழு, வீரர்களைக் கொண்டே இந்த நம்பிக்கையைச் சோதித்தது. நடக்கவிட்டார்கள், எடை பார்த்தார்கள், குடித்த நீரையும் இழந்த வியர்வையையும் அளந்தார்கள். தெளிவான விடை கிடைத்தது. வெப்பத்தில் வேலை செய்யும் ஆற்றலைப் பழக்கத்தால் கூட்டலாம். தண்ணீர்த் தேவையைப் பழக்கத்தால் குறைக்க முடியாது. வெயிலில் உழைப்பவருடைய உடல் மணிக்கு ஒரு லிட்டர் வரையிலோ அதற்கு மேலுமோ வியர்வையாக இழக்கிறது. குடுவையிலேயே தண்ணீரை மிச்சம் பிடித்து வைத்திருப்பவர், அதைக் குடித்துவிட்டவரைவிட ஒரு சொட்டுக்கூடக் குறைவாக வியர்ப்பதில்லை. அவர் தம்மைத்தான் சீக்கிரம் தளரச் செய்கிறார்.

இன்னொன்றும் கண்டார்கள். தண்ணீர் தாராளமாகக் கையில் இருந்தாலும், வெயிலில் உழைப்பவர்கள் இழந்த அளவுக்குத் தாமாகக் குடிப்பதில்லை. தாகம் உடலின் தேவைக்குப் பின்தங்கியே வருகிறது. சாப்பாட்டு வேளையில்தான் அந்தப் பற்றாக்குறை ஓரளவு ஈடாகிறது. சென்னையின் அக்னி நட்சத்திர நாட்களில் சட்டை உடம்போடு ஒட்டிக்கொள்வதால் வியர்ப்பது நமக்குத் தெரிகிறது. பாலைவனத்தின் உலர் காற்றில் வியர்வை தோன்றியவுடனே ஆவியாகிவிடும். தோல் காய்ந்தே இருக்கும். எவ்வளவு இழந்தோம் என்று தெரியாமலே ஒருவர் சுருண்டு விழுந்துவிடுவார். இன்று கட்டடத் தொழிலாளர்களுக்கும் சாலைப் பணியாளர்களுக்கும் தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் குடியுங்கள் என்று நாங்கள் சொல்லும் அறிவுரைக்குப் பின்னால் அந்த ஆய்வும் நிற்கிறது. தளம் வீணா என்று கேட்டீர்கள்; இந்த ஒன்றுக்காகவே வீணில்லை என்பேன்.

மயிலாப்பூர் வாசகர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. மருத்துவர் ஐயா சொன்ன செய்தி நான் எங்கும் படிக்காதது. மேலே பௌஸ் என்ற பாசறையின் பெயர் வந்தது. அங்கே இரகசிய ஆயுதம் ஒன்றைச் சோதித்தார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அது உண்மையா?

வேளச்சேரி நூலகர்

உண்மைதான். அரிசோனாவில் இருந்த கேம்ப் பௌஸில் 1943 இறுதியிலிருந்து 9ஆம் டாங்கிப் பிரிவுத் தொகுதி இரவுப் பயிற்சி செய்தது. டாங்கியின் கோபுரத்தில் பீரங்கிக்குப் பதிலாக மிகச் சக்திவாய்ந்த வில்விளக்கை (ஆர்க் விளக்கு) பொருத்தி, ஒரு குறுகிய பிளவின் வழியாக ஒளியைப் பாய்ச்சி எதிரியின் கண்ணைக் கூசச் செய்வது திட்டம். மூலக் கருத்து பிரிட்டனிலிருந்து வந்தது. இரகசியத்தை அளவுக்கு மீறிக் காத்ததால், களத்தில் இருந்த தளபதிகள் பலருக்கே அப்படி ஒன்று இருப்பது தெரியாமல் போயிற்று. 1945 மார்ச்சில் ரைன் ஆற்றின் ரெமாகன் பாலத்தை இரவில் காவல் காக்கச் சில டாங்கிகள் பயன்பட்டன. சொல்லும்படியான வேறு பயன் இல்லை.

ஆவடி 61

ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலை 1961இல் தொடங்கிய காலத்திலிருந்தே எங்கள் குடும்பம் இந்த ஊரில்தான். டாங்கிகளைப் பார்த்தே வளர்ந்தவன் என்ற முறையில் இயந்திரத்தின் பக்கத்திலிருந்து சில வார்த்தைகள்.

பாலைவனம் மனிதனை வாட்டுவதற்கு முன் எஞ்சினை வாட்டும். டாங்கி எஞ்சின் உள்ளிழுக்கும் காற்றின் அளவு மிகப் பெரிது. அந்தக் காற்றோடு மாவு போன்ற நுண்தூசியும் உள்ளே போகிறது. வடிகட்டி அடைத்துக்கொண்டால் எஞ்சின் திணறும்; வடிகட்டியையும் மீறித் தூசி நுழைந்தால் பிஸ்டன் வளையங்களும் சிலிண்டரும் தேய்ந்துபோகும். சங்கிலித் தடத்தின் ஊசிகளை மணல் அரைத்துவிடும். வரிசையாகச் செல்லும்போது முன்னால் போகும் டாங்கி கிளப்பும் புழுதியைப் பின்னால் வருபவை எல்லாம் குடித்துக்கொண்டே வர வேண்டும். கலிபோர்னியாவில் ஓட்டுநர்களும் மெக்கானிக்குகளும் வடிகட்டியை எத்தனை முறை சுத்தம் செய்வது, டயர்க் காற்றை எவ்வளவு குறைத்தால் மணலில் புதையாது என்று கற்றதெல்லாம் எந்தப் போர்முனைக்கும் பொதுவான பாடம்.

இது நமக்குத் தொலைதூரச் செய்தியும் இல்லை. 1971 டிசம்பரில் இராஜஸ்தானின் லோங்கேவாலாவை நோக்கி வந்த பாகிஸ்தான் டாங்கிகள் மணலில் சிக்கித் திணறியபோதுதான், ஜெய்சல்மரிலிருந்து பறந்து வந்த ஹண்டர் விமானங்களுக்கு எளிய இலக்காயின. நம் ஆவடியில் வடிவமைத்த அர்ஜுன் டாங்கிக்கும் உண்மையான தேர்வு மைதானம் தார் பாலைவனமே. 2010 மார்ச்சில் டி-90 டாங்கியோடு அது ஒப்பிடப்பட்டதும் இராஜஸ்தான் மணலில்தான். சென்னைப் புறநகரில் செய்து முடித்த ஒன்றை, பிகானேருக்கு அருகிலுள்ள மகாஜன் துப்பாக்கிச் சுடுதளம் போன்ற இடத்திற்குக் கொண்டுபோய் ஓட்டிப் பார்க்காமல் படையிடம் தர முடியாது. பேட்டன் செய்ததும் அடிப்படையில் அதுவே: இயந்திரத்தையும் மனிதனையும் சேர்த்து, கெட்டுப்போகும் இடத்தில் வைத்துப் பார்ப்பது.

பல்லாவரம் நிலவியல் ஆசிரியர்

மூன்றாம் கேள்வி இன்னும் பாக்கியிருக்கிறது. மிஞ்சியிருப்பது நிறைய. 1944இல் கூடாரங்களையும் தளவாடங்களையும் எடுத்துச் சென்றுவிட்டார்கள். நிலத்தில் பதிந்ததை எடுக்க முடியவில்லை.

அந்தப் பாலைவனத்தின் பெரும்பகுதி நாம் படங்களில் காணும் மணல்மேடு அன்று. நெருக்கமாகப் பதிந்த கூழாங்கற்கள் மேலே ஓர் ஓடுபோல அமைந்திருக்கும். கற்களின் மேல்புறம் காலங்காலமாகப் படிந்த கருமை. அந்த ஓட்டுக்கு அடியில் வெளிர்நிற நுண்மண். ஒரு டாங்கி ஒரே ஒரு முறை கடந்து சென்றாலும் கற்கள் விலகி, அடிமண் இறுகிவிடுகிறது. இறுகிய மண்ணில் மழைநீர் இறங்காது, விதை வேர்விடாது. மழையும் அரிது, உழுது புரட்டும் வேரும் புழுவும் குறைவு. ஆகவே 1942இல் விழுந்த தடம் இன்றும் தெளிவாகத் தெரிகிறது. முழுதும் மறைய ஒரு நூற்றாண்டு போதாது. 1964 மே மாதம் இதே வட்டாரத்தில் நடந்த டெசர்ட் ஸ்ட்ரைக் என்ற பெரும் ஒத்திகை, பழைய தடங்களின் மேல் புதியவற்றைச் சேர்த்தது.

பாசறைகளில் வீரர்கள் நடைபாதைகளின் இருபுறமும் கற்களை வரிசையாக அடுக்கி வைத்திருந்தார்கள். அவை பல இடங்களில் அப்படியே கிடக்கின்றன. அயர்ன் மவுண்டனில் கல்லால் கட்டிய வழிபாட்டு மேடைகள் நிற்கின்றன. பயிற்சிப் பகுதி முழுவதையும் மலை, பள்ளம், சாலையோடு தரையில் மேடு பள்ளமாகச் செய்து காட்டிய பெரிய நிலப்பட மாதிரியின் எச்சமும் அங்குண்டு. பாதுகாப்புக்காக அதைச் சுற்றி வேலி போட்டிருக்கிறார்கள். நிலவியல் படித்தவன் என்பதால், அந்த மாதிரியைச் செய்த பெயர் தெரியாத வீரர்களின் மீது எனக்குத் தனி மரியாதை.

இராணுவப் பயிற்சி அந்தப் பாலைவனத்தை விட்டு முழுதாக அகலவும் இல்லை. 1940இல் விமான எதிர்ப்புப் பீரங்கிப் பயிற்சிக்கென ஒதுக்கப்பட்ட மொஹாவி நிலப்பகுதி, பல முறை மூடித் திறந்து, 1961இல் ஃபோர்ட் இர்வின் ஆயிற்று. 1980இல் அங்கே தேசியப் பயிற்சி மையம் நிறுவப்பட்டது. நிலையான எதிரிப் படை ஒன்றை அங்கேயே வைத்து, குண்டுக்குப் பதில் லேசர் கதிரால் சுட்டு, வருகிற படைப்பிரிவுகளை அதோடு மோதவிடுகிறார்கள். 2008இல் அதன் விரிவாக்கத்திற்காகப் பாலைவன ஆமைகளை வேறிடத்துக்கு மாற்றியபோது பல ஆமைகள் இறந்துபோனதால் பெரும் சர்ச்சை எழுந்தது. படைப் பயிற்சிக்கு நிலம் தருவதென்றால் யாரோ ஓர் உயிர் இடம் பெயர்கிறது என்பதையும் வரலாற்றில் சேர்த்தே எழுத வேண்டும் என்பது என் கருத்து.

மயிலாப்பூர் வாசகர்

ஆசிரியருக்கு நன்றி. என் தங்கை மகள் கலிபோர்னியாவில் படிக்கிறாள். இந்த இடங்களைச் சென்று பார்க்கலாமா?

பல்லாவரம் நிலவியல் ஆசிரியர்

தாராளமாகப் பார்க்கலாம். பழைய ஷேவர்ஸ் சம்மிட்டுக்கு இன்று சிரியாகோ சம்மிட் என்று பெயர். கால்வாய்த் திட்டத்தில் நில அளவைப் பணி செய்து, 1933இல் அந்த இடத்தை வாங்கிக் கடை வைத்த ஜோ சிரியாகோவின் பெயர் அது. இண்டியோவிலிருந்து கிழக்கே செல்லும் 10ஆம் எண் நெடுஞ்சாலையை ஒட்டியே 1988இல் திறந்த பேட்டன் நினைவு அருங்காட்சியகம் இருக்கிறது. வெளியே பல காலத்து டாங்கிகளை நிறுத்தியிருக்கிறார்கள். முதலில் அங்கே சென்று விவரம் கேட்டுக்கொண்டு பாசறைகளுக்குப் போகச் சொல்லுங்கள். நவம்பர் முதல் மார்ச் வரை ஏற்ற காலம். தனியாகப் போகக் கூடாது; கைப்பேசிக்குச் சிக்னல் கிடைக்காத இடங்கள் அதிகம்; மருத்துவர் சொன்னபடி தண்ணீர் மிகுதியாக வேண்டும். துருப்பிடித்த உலோகத் துண்டு எதைக் கண்டாலும் தொடவே கூடாது. அந்தக் காலத்து வெடிக்காத குண்டுகள் இப்போதும் அங்கே கிடக்கின்றன.